சிறுவனின் சொல்

கோலா குபு பாருவைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் ஒன்றிலே வளரும் பதினைந்து வயதுச் சிறுவன், திருட்டு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றபோது பிடிபடுகின்றான் எனக் கொள்வோம். அது திருட்டு வண்டி என்பதை அறியேன் என்கின்றான் அவன். தாயோ, "ஒத்துக்கொள்ளப்பா, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று அழுகின்றாள். அவனுக்காக வாதாடும் வழக்குரைஞர் எவர் சொல்லைக் கேட்பது?

தாய்சொல் தட்டலாகாது என்பது நம் மரபு. ஆயினும், வழக்கு மகனுடையது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 18 வயது நிரம்பாதவனுக்குக் குற்றச்சாட்டை எளிய மொழியில் விளக்குமாறும், ஒப்புக்கொள்பவன் அதன் விளைவை உணர்ந்துள்ளானா என ஆராயுமாறும் நீதிமன்றத்தைப் பணிக்கின்றது. 'தண்டனை' என்ற சொல்லையே அவன்பால் வழங்கலாகாது என்கின்றது. (ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பப்படுபவனுக்குச் சொல் மாற்றத்தால் என்ன ஆறுதல்!)

ஆனால், பெரியோர் வினவினால் "ஆம், ஐயா" என்று விடையிறுக்க அவனைப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே அல்லவா? அந்த அடக்கமே நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாகிவிடுகின்றது. தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இலவசமாக அனுப்பிவரும் வழக்குரைஞர், முதலில் அந்த 'ஆம்' என்பதையே ஐயுற வேண்டியுள்ளது.

வழக்கு ஒத்திவைக்கப்படுந்தோறும் உடன்வரும் தாய் ஒரு நாட்கூலியை இழக்கின்றாள். அஃதறிந்தும் அவர், "அம்மா, அவன் அறியேன் என்கின்றானே" என்று அவளிடம் சொல்லியாக வேண்டும்.