எந்த மதகு?

புதிய நினைவுகள் உருவாக மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். அங்குள்ள ஒரு நியூரான் சும்மா இருக்கும்போது அதன் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 65 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் போய்வர அதன் சவ்வில் புரதத்தாலான சேனல்கள் உண்டு. நான் வாய்க்கால் என்றே சொல்கிறேன், தஞ்சாவூர்க்காரனுக்கு வேறு வார்த்தை வராது. பல வாய்க்கால்கள் மின்னழுத்தம் ஏறும்போது திறக்கும். ஹெச்.சி.என். என்ற வகை தலைகீழ், இறங்கும்போது திறக்கும். நியூரானின் கிளைகளில் நுனியை நோக்கிப் போகப்போக இந்த வகை கூடுகிறது. கடைமடையில் மதகு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேலை என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகுல் குமார் ராத்தோரும் ரிஷிகேஷ் நாராயணனும் 2014இல் வெளியிட்டது. ஹிப்போகேம்பஸ் நியூரான்களைக் கணினியில் மாதிரிகளாகச் செய்து, வாய்க்கால்களின் அளவுகளை விதவிதமாகக் கலைத்துப்போட்டார்கள். நிஜ நியூரான் போலவே நடந்துகொண்ட மாதிரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், உள்ளே ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்றில் இந்த வாய்க்கால் அதிகம், இன்னொன்றில் அது. ஆனால் வெளியே நடத்தை ஒன்றுதான். அடுத்து ஒரு வகை வாய்க்காலை மட்டும் நீக்கினார்கள். பாதிப்பு எல்லா மாதிரியிலும் ஒரேபோல் இல்லை, ஒரே மாதிரிக்குள்ளும் இடத்துக்கு இடம் மாறியது.

என் வேலையில் சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் ‘ரூட் காஸ்’ எழுதியாக வேண்டும். ஒரே வரியில் கேட்பார்கள். வீட்டிலும் அப்படித்தான்.

அப்பாயிக்கு அல்சைமர் என்று டாக்டர் சொன்னது, ஒரத்தநாட்டுப் பக்கத்து ஊரிலிருந்து தஞ்சாவூரில் அத்தை வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்து. “இருந்த இடத்தை விட்டுக் கெளப்புனதுதான் காரணம்” என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். அத்தை பதில் சொல்வதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, செத்துப்போன தாத்தாவுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லும் அப்பாயியைத் திரும்பப் படுக்கவைப்பது அத்தைதான்.

அல்சைமர் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே மூளையில் ஆரம்பித்துவிடும். ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பகுதியும் முதலில் அடிவாங்கும் இடங்களில் சேர்த்தி. அப்படியானால் அத்தை வீடு நோயைக் கொண்டுவரவில்லை. ஆனால் பெரியப்பா சொல்வதைப் பொய் என்று தள்ளவும் என்னால் முடியவில்லை. ஊரில் அடுப்படி, மாட்டுக்கொட்டகை, வாய்க்கால் கரை எல்லாம் அப்பாயியின் நினைவில் பாதியைச் சுமந்துகொண்டிருந்தன. எது எங்கே என்று கை தானாகப் போகும். அது போனதும் மறைந்திருந்த ஓட்டை தெரிந்துவிட்டது. வேறொருவருக்கு இதே இடமாற்றம் ஒன்றும் செய்யாமல் போயிருக்கலாம். அந்த மாதிரிகளில் ஒரு வாய்க்காலை எடுத்ததுபோல.

“தனிக்காரணம் கிடையாது, அதனால் யாரையும் சொல்லாதீர்கள்” என்று முடித்துவிடலாமா? டெல்டாவில் வளர்ந்தவனுக்கு அந்த வாக்கியத்தின் மேல் சந்தேகம் உண்டு. எங்கள் பக்கம் கல்லணைக் கால்வாயைப் புது ஆறு என்போம். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருஷம் மேலே இருப்பவர்களைக் கேட்டால், “நான் ஒருத்தன் எடுத்ததுல என்ன கொறஞ்சிடப் போவுது” என்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் கணக்கு சரிதான். வயல் காய்ந்தது காய்ந்ததுதான். அதற்குத்தான் ‘முறை’ வைத்தார்கள். யாரால் குறைந்தது என்று தீர்ப்பு வரும்வரை காத்திராமல், இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் அவனுக்கு என்று பிரித்துவிடுவது. முறையை மீறினால் சண்டை வரும். அது நியாயமான சண்டை.

குற்றம் சாட்டுவதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. பொறுப்பை ஏற்க அது தேவையில்லை என்பதுதான் எனக்குப் படுகிறது. பெரியப்பா காரணத்தைத் தேடுவதை நிறுத்தமாட்டார், ஏனென்றால் அது கிடைத்துவிட்டால் வேலையும் அங்கேயே போய்விடும்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். “வாரத்துக்கு ரெண்டு ராத்திரி யாராச்சும் வந்து படுத்துக்கங்கப்பா, நான் கண்ண மூடணும்.” ஐந்து வீடு இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் நான் ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.