அடைத்து வைத்தலும் அறமாகுமோ?





தசலட்சண பருவ நாட்களில் எங்கள் ஊர் ஜினாலய மண்டபத்தில் மாலைதோறும் தத்துவார்த்த சூத்திரம் படித்துப் பொருள் கூறுவது வழக்கம். ஏழாம் அத்தியாயத்தில், கொல்லாமை அணுவிரதத்திற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்தினையும் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். உயிர்களைக் கட்டியோ அடைத்தோ வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவ்வைந்து. முதலாவதைக் கூறி முடிக்குமுன், பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் இளம் அம்மையார் எழுந்தார்.

"ஐயா, எங்கள் வீட்டு நாய்க்கு முதுகெலும்பில் நோய். ஆறு வாரம் சிறு கூண்டில் அடைத்து வைக்கும்படி மருத்துவர் சொன்னார். அது இரவும் பகலும் முனகிற்று. பத்தாம் நாள் மனம் பொறுக்காமல் கதவைத் திறந்துவிட்டோம். ஓடிவந்து கட்டிலின்மேல் தாவியது. அன்றே அதன் பின்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அடைத்தது பாவமா, ஐயா? திறந்தது பாவமா?"

மண்டபம் அமைதியாயிற்று. கதவைத் திறந்தவர் அவருடைய மாமியார் என்பதும், அம்மூதாட்டியாரும் அன்று தூணருகே தலைகுனிந்து அமர்ந்திருந்தார் என்பதும் பின்னரே எனக்குத் தெரிய வந்தது. 'திறந்துவிட்டார்' என்று சொல்லாமல் 'திறந்துவிட்டோம்' என்று அம்மருமகள் சொன்ன சொல்லிலேயே அறம் இருந்தது. நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இப்போது நாய் வளர்க்கப்படுவதால், அன்று சுருக்கமாகக் கூறிய விடையை இங்கு விரித்து எழுதுகிறேன்.

முதலில் நோயின் தன்மையை அறிவோம். நாயின் முதுகு முள்ளெலும்புகளுக்கு இடையே, நடுவில் கூழும் சுற்றிலும் நார்வளையமும் உடைய வட்டுகள் உள்ளன. இவற்றை 'டிஸ்க்' என்பர். டாஷ்ஹண்ட், பெக்கினீஸ், பீகிள், பிரெஞ்சு புல்டாக் முதலிய இனங்களில் இக்கூழ் இளமையிலேயே உலர்ந்து சுண்ணாம்புபோல் இறுகிவிடுகிறது. பின்னர் ஒருநாள், தாவும்போதோ சும்மா நடக்கும்போதோ, வளையம் கிழிந்து அது மேல்நோக்கிப் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது. முதுகைக் கூனிக்கொள்ளுதல், தூக்கினால் அலறுதல், பின்கால் தள்ளாடுதல், கால் இழுபடுதல் ஆகியவை அடையாளங்கள். டாஷ்ஹண்ட் நாய்களுள் ஏறத்தாழ நான்கிலோ ஐந்திலோ ஒன்று தன் வாழ்நாளில் இத்துன்பத்திற்கு ஆளாகிறது.

இந்நோய் இவ்வினங்களுக்கு ஏன் மிகுதியாக வருகிறது என்பதையும் சிந்திக்க வேண்டும். டாஷ்ஹண்ட் என்பது ஜெர்மனியில் வேட்டைக்காக உருவாக்கப்பட்ட இனம். மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு சிறு விலங்கைத் துரத்தி உள்ளே நுழைவதற்காகவே, குட்டைக் காலும் நீள் உடலும் அமையுமாறு மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கினர். இவ்வாறு கால் குறுகியிருப்பதற்கும் வட்டு விரைவில் முதிர்வதற்கும் தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தை 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். ஆகவே வேட்டையை விரும்பிய மனிதனின் ஆசையே இவ்வாயில்லாப் பிராணியின் முதுகில் நோயாக வந்து நிற்கிறது. இம்சை என்பது செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகைப்படும் என்று நாம் படிக்கிறோம். அழகுக்காக இத்தகைய குட்டியை விலைகொடுத்து வாங்க விரும்புவோர், மூன்றாவதைத் தம் நெஞ்சோடு எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிற்கு வந்துவிட்ட உயிரைக் காப்பதோ வேறு கடமை. அதில் இரண்டாம் எண்ணத்திற்கு இடமில்லை.

இனி, அம்மையாரின் வினாவிற்கு வருவோம்.

நோய் கடுமையாகாத நாய்க்கு மருத்துவர் கூறும் முதன்மையான சிகிச்சை அசையா ஓய்வே. கிழிந்த வளையம் ஆறிவரக் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். பலர் ஆறு வாரம் வரை நீட்டச் சொல்வர். எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவே இடம் கொண்ட கூண்டு. ஓட்டமில்லை, தாவலில்லை, படியில்லை. மலசலம் கழிக்க மட்டும், கழுத்துப்பட்டையை நீக்கி மார்புப் பட்டை பூட்டி, சில நிமிடம் வெளியே கொண்டுவர வேண்டும். மருந்தினால் வலி தணிந்ததும் நாய் தான் நலமாகிவிட்டதாக எண்ணித் துள்ள முற்படும். உண்மையில் அப்போதுதான் ஆபத்து மிகுதி.

இவ்வாறு அடைப்பது அதிசாரமாகுமா? ஆகாது. ஏனெனில் கவனமின்மையோடும் கஷாயத்தோடும் கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதையே நம் ஆசாரியர்கள் இம்சை என்று வரையறுத்தனர். அடைத்தல் என்னும் வெளிச்செயலை மட்டும் பார்த்து அவர்கள் தீர்ப்பு வழங்கவில்லை. சினத்தாலும், தன் வசதிக்காகவும், உயிரின் துன்பத்தை எண்ணாமலும் கட்டிவைப்பவன் அதிசாரம் செய்கிறான். அதன் நன்மைக்காக, அளவறிந்து, நீரும் உணவும் தந்து, அருகிருந்து காப்பவன் செய்வதற்குப் பெயர் வேறு. அறுவை மருத்துவர் கத்தி எடுப்பதைக் கொலைஞன் கத்தி எடுப்பதோடு ஒருவரும் ஒப்பிடுவதில்லை அல்லவா?

ஆனால் இவ்விடத்தில் எச்சரிக்கையும் வேண்டும். கூண்டில் அடைத்ததோடு கடமை முடிந்தது என்று ஒரு மூலையில் அதை மறந்துவிட்டால், அதே கூண்டு அக்கணமே அதிசாரம் ஆகிவிடும். அது நம் முகம் காணும் இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரின் அவ்வம்மையார் தம் சாமாயிகத்தைக் கூண்டின் அருகிலேயே அமர்ந்து செய்தாராம். அவர் அமர்ந்த அந்த 48 நிமிடமும் நாய் முனகாமல் படுத்திருக்கும் என்றார்.

கதவைத் திறந்ததோ? அதில் வெறுப்பில்லை, சினமில்லை, இரக்கமே இருந்தது. ஆயினும் இரக்கம் மட்டும் போதாது. மும்மணிகளில் நல்லொழுக்கத்திற்கு முன்னே நன்ஞானம் வைக்கப்பட்டிருப்பதன் கருத்து இதுவே. பிறவுயிரின் அழுகை நம் காதுக்குத் துன்பமாக இருக்கிறது என்பதற்காக அதை நிறுத்த முற்பட்டால், நாம் தீர்த்துக்கொள்வது நம் துன்பத்தையே. அவ்வுயிருக்கு எது நன்மை என்று அறிந்து, அதன்பொருட்டு அதன் அழுகையையும் நம் மனவலியையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்வதே தயை. தெரியாது செய்த பிழைக்கு ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் உண்டு. அவற்றுக்குப் பின் வேண்டுவது சேவை. அழுதுகொண்டே இருத்தல் அன்று.

அச்சேவையை நம் நூல்கள் வையாவிருத்தியம் என்று அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்துள்ளன. முனிவர்க்குச் செய்யும் தொண்டிற்கே அப்பெயர் சிறப்பாக உரியதாயினும், அதன் மனப்பான்மையை இல்லறத்தார் நோயுற்ற எவ்வுயிரிடத்தும் பயிலலாம். கால் விழுந்த நாய்க்கு அது எவ்வாறு என்பதைச் சொல்கிறேன்.

காலதாமதம் கூடாது. கால் விழுந்தும் விரலை அழுத்தினால் வலியை உணரும் நாய்களில், அறுவைக்குப்பின் பத்தில் ஒன்பது மீண்டும் நடக்கின்றன. அவ்வுணர்வும் போய்விட்டால் ஏறக்குறையப் பாதிதான் நடக்கும். எனவே கால் செயலிழந்த அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தூக்கும்போது ஒரு கை மார்பின்கீழும் மற்றொரு கை பின்பகுதியின்கீழும் வைத்து, முதுகு வளையாமல் மட்டமாகத் தூக்க வேண்டும். நிற்கப் பழக்கும்போது வயிற்றின்கீழ் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கலாம்.

தண்டுவடம் நசுங்கிய நாய்க்குச் சிறுநீரை வெளியேற்றும் வலிமையும் போய்விடலாம். சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைக் கண்டு கழிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். மருத்துவர் கற்பித்தவாறு நாளைக்கு மூன்று நான்கு முறை வயிற்றை மெல்ல அழுத்திக் கழிக்கச் செய்ய வேண்டும். மெத்தென்ற விரிப்பு வேண்டும்; சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராது. ஈரத்தை உடனே துடைத்து உலர்த்த வேண்டும். ஈரமும் புண்ணும் இருந்தால் ஈ மொய்க்கும், முட்டையிடும், புழு உண்டாகும். பின்பு நாயைக் காக்கப் புழுக்களை அழிக்க நேரும். இன்று துடைக்கும் ஒரு துணி, நாளை பல உயிர்க்கொலைகளைத் தடுக்கிறது. எத்தனாசாரம் என்று நாம் படிக்கும் விழிப்பொழுக்கம் இதுதான்.

மருந்தை நம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ கூடாது. நாம் உண்ணும் வலிமாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம். ஸ்டீராய்டு மருந்தும் வேறு வலிநீக்கி மருந்தும் சேர்ந்தால் குடலில் புண் உண்டாகும் என்பதால், முன்பு கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடல் பருத்தால் முதுகுக்குப் பாரம். ஆகவே அன்பின் பெயரால் நெய்ச்சோற்றைக் குவிக்காமல் அளவோடு ஊட்டுவதும் காப்பே. உணவுத் தடுப்பு என்னும் அதிசாரமாகாது. நாம் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் நஞ்சே. பாயசத்தில் இடும் உலர்ந்த திராட்சையும் அவ்வாறே; அதைத் தவறியும் கொடுக்கலாகாது.

இந்நாட்களில் இருவகைப் பேச்சு காதில் விழும். 'அதன் வினை, அது அனுபவிக்கட்டும்' என்பது ஒன்று. அசாதாவேதனீயம் அதன் வினையே. ஆனால் கைகட்டி நிற்பது நம் வினையாகும். துன்பம் வர ஒரு நிமித்தம் இருந்ததுபோல், அது தணியவும் ஒரு நிமித்தம் வேண்டும். அந்நிமித்தமாக நிற்கும் வாய்ப்பை ஏன் இழக்க வேண்டும்? 'ஊசி போட்டு முடித்துவிடுங்கள்' என்பது மற்றொன்று. சல்லேகனை நம் மரபில் உண்டே என்று சிலர் இதற்குச் சான்று காட்டுவர். சல்லேகனை என்பது அறிவோடு, குரு முன்னிலையில், தானே ஏற்கும் விரதம். ஒருவர்க்காக மற்றொருவர் ஏற்கவியலாத விரதத்தை, வாய்பேசாப் பிராணியின்மேல் எவ்வாறு ஏற்றுவது? வலியைத் தணிக்க இயன்ற மருந்தனைத்தையும் தேடுவோம். உயிரைப் பறிக்கும் உரிமை நமக்கில்லை.

ஒரு நாய்க்கா இவ்வளவு என்பாரும் உளர். மனமுள்ள ஐம்பொறி விலங்கு நற்காட்சி பெற்று ஐந்தாம் குணஸ்தானம் வரை உயரக்கூடும் என்பது நம் ஆகமம். பகவான் மகாவீரர் தம் முற்பிறவியொன்றில் சிங்கமாயிருந்தபோது, இரு சாரண முனிவரின் அறவுரை கேட்டு நற்காட்சி எய்தினார். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர்போகும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரம் ஓதினான். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து அவனுக்கு உற்ற துணையாயிற்று. முன்னே கிடக்கும் உயிர் எத்தன்மையது என்று நாம் எவ்வாறு அறிவோம்?

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானமும் அக்கூண்டின் அருகே நிகழக்கூடும். உணவும் மருந்தும் கையால் தருகிறோம். அச்சம் நீங்க அருகிருக்கிறோம். நவகார மந்திரத்தை அதன் செவியில் ஓதுகிறோம்.

இவ்விடையைக் கூறிய அன்று மாலை, சபை கலைந்தபின் அம்மூதாட்டியார் என்னிடம் வந்தார். "அறுவை முடிந்து இரண்டு மாதமாகிறது, தம்பி. பகலில் மருமகள் பார்க்கிறாள்; இரவில் நான் எழுந்து பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறேன். நேற்று வாலை அசைத்தது" என்றார். பின்பு, "இப்போதும் முனகுகிறது. நான் கதவைத் திறப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார்.

சிராவக, சிராவகியர்களே! அவ்வம்மையார் கற்றுக்கொண்டதை நாமும் கற்போமாக.

அனைத்துயிரும் இன்புறுக! ஜினதருமம் ஓங்குக!