எந்தப் பக்கம் நிற்பது?

கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சிறியவை. ஊரில் மழை பெய்ததா, பசு கன்று ஈன்றதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வளரும் பத்து வயதுப் பேரன் சென்ற கோடையில் கேட்ட கேள்வியோ அத்தகையதன்று. "பாட்டி, நான் ஆதரிக்கிற கூடைப்பந்து அணி ஒரு தடவைகூட கோப்பை ஜெயிச்சதில்லை. என் வகுப்பிலே எல்லாரும் இன்னொரு அணி. நானும் மாறிட்டா தப்பா?" என்றான். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் விடை சொல்லியே பழகிய நமக்கு அன்று விடை வரவில்லை. சில நாள் தவணை கேட்டுக்கொண்டோம்.

அந்நகரில் அணிகள் இரண்டு. லேக்கர்ஸ் என்பது ஒன்று. மின்னியாபொலிஸ் நகரிலிருந்து 1960இல் அங்குக் குடியேறியது. 'ஏரிக்காரர்' என்னும் பொருள்தரும் அப்பெயர் ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாநிலத்துக்குரியது. ஏரிக்குப் பேர்போகாத ஊரிலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2020 வரை அவ்வணி பெற்ற வாகைகள் பதினேழு. மற்றொன்று கிளிப்பர்ஸ். 1970இல் பஃபலோ நகரில் தோன்றி, 1978இல் சான் டியாகோவுக்கும், 1984இல் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் இசைவைக்கூடப் பெறாமல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் பெயர்ந்தது. 2025ஆம் ஆண்டுப் பருவம் முடியும்வரை ஒரு வாகையும் அது சூடியதில்லை. 1999 முதல் 2024 வரை இரண்டும் ஒரே அரங்கில் ஆடின. ஒரே நாளில் பகலில் ஒன்றும் இரவில் மற்றொன்றும் ஆடியதும் உண்டு. இடைப்பொழுதில் தரைப்பலகைகளையே மாற்றி அடுக்குவார்களாம். ஒரே முற்றத்தில் இரு குடித்தனம் இருந்த வீடுகளை அறிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இதில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்? உரிமையாளர் விரும்பினால் அணியையே வேறூருக்குப் பெயர்த்துவிடுகிறார். அணி விரும்பினால் ஆட்டக்காரரை மற்றோர் அணிக்குக் கைமாற்றுகிறது. ஆட்டக்காரரும் ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய இடம் செல்கிறார். பார்க்க வருபவன் ஒருவனே எவ்வித ஒப்பந்தமும் இன்றிக் கட்டுண்டு கிடக்கிறான். அவன் மாறினால் மட்டும் 'கட்சி மாறி' என்ற வசையும் வந்து சேர்கிறது. மாறும் உரிமை அனைவர்க்கும் உண்டு, அவனுக்கு மட்டும் இல்லை என்பது நியாயமாகத் தோன்றவில்லை.

2019ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். டொராண்டோ அணிக்கு அவ்வாண்டு வாகை பெற்றுத்தந்த கவாய் லெனர்ட் என்பாரை இரு அணிகளுமே விரும்பி அழைத்தன. லேக்கர்ஸில் முந்திய ஆண்டே லெப்ரான் ஜேம்ஸ் வந்து சேர்ந்திருந்தார். லெனர்டோ கிளிப்பர்ஸைத் தேர்ந்தார். புகழ் முழுதும் குவிந்த வீட்டை விட்டு எளிய வீட்டைத் தேர்ந்ததில் நமக்கும் சற்று மகிழ்ச்சியே. ஆனால் அவருக்குத் துணையாகப் பால் ஜார்ஜ் என்பாரைப் பெறுவதற்காகக் கிளிப்பர்ஸ் கொடுத்த விலையையும் கூற வேண்டும். புதிய இளம் வீரர்களை முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் ஐந்து; அவற்றுடன், தம்மிடம் ஓராண்டே ஆடியிருந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்னும் இளைஞரையும் ஓக்லஹோமா நகர அணிக்கு அனுப்பினார்கள். லெனர்ட் தாமே தேர்ந்தார். அவ்விளைஞரை அனுப்பியவர்கள் பிறர். ஜார்ஜ் 2024இல் பிலடெல்பியா அணிக்குச் சென்றுவிட்டார். அனுப்பப்பட்ட இளைஞர் 2025இல் அச்சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதையும் பெற்று, தம் அணிக்கு வாகையும் பெற்றுத்தந்தார். லேக்கர்ஸ் 2020இல் வென்றது. நோய்ப்பரவல் காரணமாக அவ்வாண்டு இறுதிப்போட்டி புளோரிடா மாநிலத்தில், பார்வையாளர் எவரும் இல்லாத அரங்கில் நடந்தது. எந்த ரசிகர்களுக்காக இத்தனை போட்டியோ, அவர்களில் ஒருவரும் அங்கில்லை!

விலைபேசுதலைக் காட்டிலும் நம் மனத்தை உறுத்தியது வேறொன்று. பொது அரங்கின் சுவரில் லேக்கர்ஸின் வாகைக் கொடிகளும், புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் எண் பொறித்த சட்டைகளும் தொங்கும். 2013இல் கிளிப்பர்ஸுக்குப் பயிற்சியாளராக வந்த டாக் ரிவர்ஸ், தம் அணி ஆடும் நாள்களில் அவற்றை மறைத்துத் தம் ஆட்டக்காரர்களின் பெரும்படங்களைத் தொங்கவிடச் செய்தார். தம் வீட்டில் தம் படம் வேண்டும் என்ற அவர் எண்ணத்தில் குற்றமில்லை. ஆயினும் திரைக்குப் பின்னே கொடிகள் இருப்பதை அரங்கில் இருந்த அனைவரும் அறிவர். 2024இல் அவ்வணி, உரிமையாளர் ஸ்டீவ் பால்மர் இங்கிள்வுட் என்னும் அண்டை நகரில் கட்டிய சொந்த அரங்குக்குக் குடிபோயிற்று. அங்கு ஒரு கூடைக்குப் பின்னே இடைவெளியின்றி ஐம்பத்தொரு வரிசை இருக்கைகள். 'சுவர்' என்றே அதற்குப் பெயர். எதிரணியின் உடை அணிந்தவருக்கு அங்கு இடமில்லை. தன் அணியின்மேல் பற்று வைப்பது ஒன்று. அடுத்தவன் சட்டையின் நிறம் கண்ணில் படலாகாது என்பது மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை என்பதை நாமே அறிவோம்.

அறிந்த விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எண்பதுகளில் ஒரு சிற்றூர்ப் பெண்கள் பள்ளியில் நீல அணிக்கு நாம் பொறுப்பாசிரியை. மஞ்சள் அணியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வளையப்பந்து ஆடினால் பள்ளியே கூடிவிடும். அவள் அக்காள் நம் அணியில் இருந்தாள். உடன்பிறந்தவர்கள் ஒரே அணியில் இருப்பதே முறை என்று தலைமையாசிரியையிடம் வாதாடி அவளை நீல அணிக்கு மாற்றிவிட்டோம். அதற்குமுன் எந்த உடன்பிறப்புகளைப் பற்றியும் நாம் கவலைப்பட்டதில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு சொல் கேட்கவும் இல்லை. கோப்பை நமக்கே கிடைத்தது. பரிசு வாங்கும்போது அவள் மேடையிலிருந்து மஞ்சள் அணி வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வரிசைப் பிள்ளைகளோ கை தட்டினார்கள். நம் பிள்ளைகளைவிட நெடுநேரம் தட்டினார்கள். அக்கைதட்டலின் பொருள் நமக்கு அன்று விளங்கவில்லை.

பேரனுக்கு இதைத்தான் கூறினோம். மாறுவது குற்றமன்று, ஆனால் வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்வதற்காக மாறினால், மாறுவது அவனல்லன், அவர்கள் அவனை மாற்றுகிறார்கள். மாறாமல் இருப்பதென்றால், அடுத்த அணி நன்றாக ஆடும்போது அதை நன்று என்று சொல்ல நா எழ வேண்டும். அது எழாவிட்டால், இருப்பதற்கும் மாறுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டான். அவன் மனம் முழுதும் வேறிடத்தில் இருந்திருக்கிறது.

"பாட்டி, அந்த மஞ்சள் அணி அடுத்த வருஷமாவது ஜெயிச்சதா?"

அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே நமக்கு வேறூருக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது. தெரியாது என்று கூறினோம்.