மனைவி, தாய், பேத்தியார்

ஒஸ்லோவில் எங்கள் கத்தோலிக்க மூதாட்டி ஒருவர் இறந்தால், நினைவு மலரில் மூன்று உறவுகள் தவறாமல் வரும்: அன்பு மனைவி, பாசமிகு தாய், அருமைப் பேத்தியார். கூடவே, 'பக்தி மிக்கவர்'. எல்லாம் உண்மைதான். ஆனால் உறவுகள் மூன்றும் மற்றவர்களுக்கு அவர் என்னவாக இருந்தார் என்பதையே சொல்கின்றன. ஒருவரை அவர் செய்த பணிவிடையால் மட்டும் நினைவுகூர்வது நியாயமா?

நோர்வேஜிய எழுத்தாளர் சிக்ரிட் உண்ட்செட் 1920 முதல் 1922 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட நாவலின் நாயகி கிறிஸ்டினும் இப்படி ஒரு மத்தியகாலக் கத்தோலிக்க மனைவி, தாய், பேத்தியார். (உண்ட்செட் கத்தோலிக்கரானது பிறகு, 1924இல்.) அவளை அவர் புனிதை ஆக்கவில்லை. கிறிஸ்டின் தகப்பனை மீறுகிறாள்; கணவன்மேல் வருடக்கணக்காக வன்மம் வைத்திருக்கிறாள். அதனால்தான் அவளுடைய செபத்தை நம்ப முடிகிறது. கொள்ளைநோயில் சாகும் தறுவாயில், முன்பின் அறியாத ஏழைப் பெண்ணொருத்தியின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கக் கல்யாண மோதிரத்தையே கழற்றிக் கொடுக்கிறாள்.

எங்கள் தாய்மாரின் செபமாலையைப் 'பக்தி' என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது. 1999 நவம்பரில் மடுக் கோயிலில் தஞ்சமடைந்தோரே ஷெல்லடியில் மாண்டபோது, மாதாவிடம் அவர்கள் என்ன கேட்டார்கள்? கோபித்தார்களா? மலரில் அதற்கு இடமில்லை. இறந்தவரின் கோபத்தைச் சொல்வது மரியாதையில்லை என்பார்கள். கோபமும் சந்தேகமும் இல்லாதவருக்கு விசுவாசம் ஒரு பழக்கம் மட்டுமே. அவற்றோடு முழங்காலிட்டவருக்குத்தான் அது சொந்தம்.

நோர்வேயில் முதல் 20 வருடங்களுக்குப் புதைகுழி இலவசம். அதன்பின் பணம் கட்டி வைத்திருப்பதா, விடுவதா என்பது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கையில். அப்போது அவர்களுக்கு ஒரு மனுசியைத் தெரிந்திருக்க வேண்டும்.