மானம் என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'பிரைடு' என்னும் ஒரே சொல், மகனின் கல்வி கண்டு பூரிக்கும் தாயின் நெஞ்சுக்கும், எளியோரை மதியாத செல்வனின் நெஞ்சுக்கும் பெயராக வழங்குகின்றது. அதன் சாயல்களைப் பகுக்கும் வேறு சொற்களும் அம்மொழியில் உண்டு. 'வேனிட்டி' வெறுமை என்னும் வேரினின்று பிறந்தது. 'கன்சீட்' முதலில் எண்ணம் என்றே பொருள்பட்டுப் பின்னர்த் தன்னைப் பற்றிய மிகை எண்ணமாயிற்று.

நம் மொழியிலும் சொற்கள் நிலைபெயர்ந்துள்ளன. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த பெருமிதத்தை, வள்ளுவர் பெருமையுடையோரிடம் இருத்தலாகாத குற்றமாகக் கொண்டார். மானம் என்னும் சொல்லோ இன்னும் வியப்புடையது. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நாமும் மானமுள்ளவன் என்று புகழ்கின்றோம். பாலி நூல்களிலோ அஃது அறுத்தெறிதற்குரிய பத்துத் தளைகளுள் ஒன்று. அருகத நிலையிலன்றி முற்றும் அறாதது.

அங்ஙனமாயின், தலைமுறைதோறும் இழிவு சுமத்தப்பட்டோரிடம் "மானத்தை விடுக" எனல் அறமாகுமோ? இவ்வினா எளிதன்று. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், அம்மக்களைப் பூர்வ பௌத்தர் என்று நிமிரச் செய்தார். அது செருக்கோ?

பாலி நூல்கள் மானத்தை மூன்றாகப் பகுக்கின்றன: யான் உயர்ந்தவன், யான் ஒப்பானவன், யான் தாழ்ந்தவன். மூன்றாவதை நம்மவர் பலர் பணிவு என்றே மயங்குவர். பிறர் சுமத்திய தாழ்வைத் தன் இயல்பெனக் கொள்வதும் மானமே. ஆகலின் நிமிர்பவன் அத்தளையையே அறுக்கின்றான். முன்னோர் பெருமை பேசிப் பிறரை இகழப் புகுந்தால் முதலாம் மானம் வந்து பற்றும் என்பதும் மெய்யே.

இம்மூன்று அளவுகோலுமின்றி ஒருவர் பெருஞ்செயல் ஆற்றக்கூடுமோ எனின், சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, புலிக்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவை நோக்குக. 1979 ஆகஸ்டு 10-இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி கடலில் வீழ்ந்தது. விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர்முன் தாமே நின்று பொறுப்பேற்றார். 1980 சூலை 18-இல் வெற்றி கிட்டியபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமையே பேசுமாறு பணித்தார். இதனைக் கலாம் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். தோல்வியை ஏற்றவர் தம்மைத் தாழ்வாக எண்ணினாரல்லர். வெற்றியை விட்டவர் மகிழ்ச்சியற்றிருந்தாருமல்லர். இதனை ஆங்கிலர் 'ஹியூமிலிட்டி' என்பர். மண் என்னும் வேரினின்று வந்து, தாழ்ந்து கிடத்தலின் சாயலைத் தாங்கிய அச்சொல்லை இங்கே இட எமக்கு மனமில்லை.