வந்தது எது?

சீடன்: குருவே, அக்கரைக் கோயிலில் மணியடிப்பவர் கயிற்றை இழுப்பது முதலில் தெரிகிறது, ஓசை ஒரு நொடி பிந்தி வருகிறது. அந்த ஒரு நொடி அது எங்கே இருந்தது?

குரு: வழியில் இருந்தது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்லும். கோயில் ஏறத்தாழ அவ்வளவு தொலைவு.

சீடன்: மணியருகே இருந்த காற்றே ஆற்றைக் கடந்து என் செவிக்கு வந்ததா?

குரு: அந்த வேகத்தில் காற்றே வந்திருந்தால் எந்தப் புயலும் அதற்கு ஈடாகாது. உன் அகல் விளக்கின் சுடரோ அசையவே இல்லை. தரிசன வரிசையை நினைத்துப் பார். பின்னால் ஒருவர் இடறுகிறார். முன்னவர் மேல் சாய்கிறார். அவர் தமக்கு முன்னால் நிற்பவர் மேல் சாய்ந்து நிமிர்கிறார். தள்ளல் சன்னதி வரை போகிறது. ஆட்கள் அவரவர் இடத்திலேயே நிற்கிறார்கள். மணியின் விளிம்பு அதிர்ந்து வெளியே வரும்போது அடுத்திருக்கும் காற்று நெருங்குகிறது. உள்ளே போகும்போது நெகிழ்கிறது. அந்த நெருக்கமும் நெகிழ்வும்தான் ஆற்றைக் கடந்தன. துகள் ஆடும் திசையிலேயே அலையும் செல்வதால் இதை நெட்டலை என்கிறோம்.

சீடன்: வரிசையில் ஆட்களே இல்லையென்றால்?

குரு: தள்ளலை ஏந்த யாரும் இல்லை. ராபர்ட் பாயில் ஒரு கடிகாரத்தைக் கண்ணாடிக் கலத்துக்குள் நூலில் தொங்கவிட்டு, காற்றை வெளியேற்றினார். துடிப்போசை தேய்ந்து மறைந்தது. 1660இல் வெளியான நூலில் அதைப் பதிவு செய்தார்.

சீடன்: அப்படியானால் கனமான பொருளில் ஒலி தயங்கித்தானே செல்ல வேண்டும்? எஃகில் நொடிக்கு 5000 மீட்டருக்கும் மேல் போகிறது என்று படித்தேன்.

குரு: கனம் தயங்க வைக்கும் என்பது சரி. ஆனால் எஃகு எளிதில் அமுங்காது. அமுக்கினால் பெருவிசையோடு மீளும். அந்த மீள்திறன் கனத்தை வென்றுவிடுகிறது. காற்றின் மீள்திறனைக் கணிப்பதில் நியூட்டனே தவறினார். 1687இல் அவர் கணக்கிட்ட ஒலியின் வேகம், அளந்து கண்டதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு.

சீடன்: எதை விட்டுவிட்டார்?

குரு: வெப்பத்தை. நெருங்கும் காற்று சூடாகும், நெகிழும் காற்று குளிரும். அந்தச் சூடு உடனே பரவிச் சமமாகிவிடும் என்றாகிறது அவர் கணக்கு. அலையோ அதற்கு அவகாசம் தருவதில்லை. சூடு உள்ளேயே நிற்பதால் காற்று இன்னும் விறைப்பாக மீள்கிறது. இதை 1816இல் லாப்லாஸ் எடுத்துக்காட்டினார்.

சீடன்: ஆக, வேகம் அடிப்பவர் கைவலிமையில் இல்லை, காற்று மீள்வதில் இருக்கிறது.

குரு: ஆம். ஓங்கி அடித்தால் வீச்சு பெருகும், ஓசை உரக்கும், வேகம் கூடாது. நாதசுரத்தின் மேல்சுரமும் தவிலின் தாழ்ந்த முழக்கமும் தெருக்கோடியில் தாளம் பிசகாமல் சேர்ந்தே கேட்கின்றன அல்லவா? அதிர்வெண் வெவ்வேறு, வேகம் ஒன்றே.

சீடன்: மணி ஓய்ந்துவிட்டது. ஓசை இப்போது எங்கே?

குரு: பரவப் பரவ மெலிந்தது. திறந்த வெளியில் இருமடங்கு தொலைவு போனால் நான்கில் ஒரு பங்குச் செறிவே மிஞ்சும். கைமாறும்போது சிந்தியதெல்லாம் வெப்பமாகிக் காற்றிலும் கரையிலும் கலந்தது.

சீடன்: வாங்கியதைத் துகள்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளாததால்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

குரு: கொடுத்தது மட்டும் போதாது, அப்பா. கொடுத்தபின் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு மீண்டது. மீளாதிருந்தால் அடுத்த அதிர்வை ஏந்த அங்கே எதுவும் இருந்திராது. அதோ, மறுபடியும் கயிற்றை இழுக்கிறார். ஒரு நொடி பொறு.