தெளிவு யார் கடன்?

சொல்வன்மையைப் போற்றுவதில் தமிழர்க்கு நிகர் தமிழரே எனலாம். சொற்பொழிவும் பட்டிமன்றமும் கவியரங்கமும் இன்றி நம்மவர் கூடும் விழா நிறைவு பெறுவதில்லை. தாயகம் விட்டு வந்து தில்லியின் கரோல்பாகிலும், மும்பையின் மாட்டுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் வேரூன்றிய குடும்பங்களுக்கோ இப்பற்று இன்னும் ஒரு படி மிகுதி. சங்க மேடையேறித் தம் மக்கள் பத்துக் குறள்களைத் தடையின்றி ஒப்பித்துவிட்டால், தமிழ் தம் வீட்டில் உயிரோடிருக்கிறது என்று பெற்றோர் நெஞ்சம் நிறைகின்றனர். இது போற்றத்தக்க பற்றே. ஆயினும், தடையற்ற பேச்சே அறிவின் அளவுகோல் என்று கொண்டுவிட்டால், அவ்வாறு பேச இயலாதார் நிலை யாது? தெளிவு என்பது பேசுவோன் ஒருவனுக்கே உரிய கடனா? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திக்குவாயைப் பலரும் அறிவர். அங்கே சொல்ல வேண்டிய சொல் உள்ளத்தில் தெளிவாக நிற்கும். வாய் அதனை வெளியிடத் தடுமாறும். நாம் கருதுவது அதனின் வேறான ஒன்று. இதில் நா தடைப்படுவதில்லை, கட்டின்றி ஓடுகிறது. வேகம் சீரின்றி ஏறி இறங்கும். அசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். வேண்டாத இடத்தில் நிறுத்தம் விழும். தொடங்கிய செய்தி பாதியில் கிளை பிரிந்து, அக்கிளையினின்றும் மற்றொரு கிளைக்குத் தாவும். ஆங்கிலத்தில் கிளட்டரிங் எனப்படும் இதனைக் குழறல் என்று நாம் வழங்குவோம். தேசோ வைஸ் என்னும் அறிஞர் 1964ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி நூலே எழுதினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 1990இல் ஏற்கப்பெற்ற பத்தாம் பதிப்பு, திக்கலையும் இதனையும் வெவ்வேறு தலைப்புகளில் வைத்தது. 2007இல் பல்கேரியாவில் இதற்கென உலக மாநாடு ஒன்றும் கூடியது. கவனம் நிலைகொள்ளாமையோடும் கற்றல் குறைபாட்டோடும் இது சேர்ந்து காணப்படுவதுண்டு, தனித்தும் காணப்படும். அறிஞர் உலகம் இவ்வளவு ஆராய்ந்த பின்னரும், நம் வீடுகளில் இதற்கு வழங்கும் பெயர் என்னவோ 'உளறல்' என்பதே.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் அக்குழறல் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. ஆதலின் உள்ளிருந்து சில சொல்லலாம். எங்கட்குச் செய்தி இல்லாமல் இல்லை. செய்திகள் வரிசையில் நின்று வருவதில்லை. நான்கு எண்ணங்கள் ஒரே வாயிலில் ஒருங்கே முட்டுகின்றன. தமிழில் பேசும்போது இதன் விளைவு பெரிது. நம் மொழியில் காலமும் இடமும் பாலும் எதிர்மறையும் வினையின் இறுதியிலன்றோ அமர்ந்திருக்கின்றன? வந்தானா, வந்தாளா, வரவில்லையா என்பதைச் சொல்லின் கடைசி அசைகளே தீர்மானிக்கின்றன. நாங்கள் விழுங்குவதோ பெரும்பாலும் அவ்விறுதியையே. எச்சங்கள் அடுக்கடுக்காக வரும். முற்று வருமுன் அடுத்த வாக்கியம் தொடங்கிவிடும். கேட்பவர் முகம் சுருங்குவதைக் கண்ட பின்னரே சில வேளை எங்கட்கு அது தெரியும். பல வேளை தெரியவே தெரியாது. பேசுகின்றவன் செவிக்குத் தன் பேச்சு முழுமையாகவே ஒலிக்கிறது.

இங்குதான் அறம் பற்றிய சிக்கல் எழுகிறது. 'நிதானமாகப் பேசு' என்று ஒருவர் அதட்டினால், குழறுவோன் சில நொடிகள் தெளிவாகவே பேசிவிடுவான். அதனைக் கண்ட உலகம், "பார்த்தீர்களா, முடிகிறது, மனம் வைப்பதில்லை" என்று தீர்ப்புக் கூறுகிறது. கால் ஊனமுற்றவனை ஓடச் சொல்லாத உலகம், குழறுவோனைச் சோம்பேறி என்றும் பொறுப்பற்றவன் என்றும் ஏசுவதற்கு இந்தச் சில நொடித் தெளிவே சான்றாகிறது. ஆனால் கணப்பொழுது இயல்வது எப்பொழுதும் இயல்வதாகுமா? மூச்சை ஒரு நிமிடம் அடக்க வல்லவனை, நாள் முழுதும் அடக்கு என்று எவரேனும் பணிப்பரோ? நிறைகுடத்தைத் தலையில் வைத்து நடப்பவள் நீர் சிந்தாமல் நடக்கலாம். ஆனால் அவள் கருத்து முழுதும் குடத்திலேயே இருக்கும். அதே வேளையில் சந்தையில் விலை பேசவும் கணக்குப் பார்க்கவும் சொன்னால் நீர் சிந்தவே செய்யும். சொல்லைக் காக்கும் முயற்சியிலேயே கருத்து முழுதும் செலவாகிவிட்டால், சொல்ல வந்த பொருளை நினைக்க எஞ்சுவது யாது? ஆகவே, முயற்சியால் ஒரு கணம் இயல்வதைக் கொண்டு ஒருவனுடைய ஒழுக்கத்தை அளப்பது நீதியன்று.

"அங்ஙனமாயின் கேட்பவனுக்கு உரிமையே இல்லையா? மருத்துவர் நோயைக் கேட்கிறார்; வங்கி வரிசையில் பத்துப் பேர் நிற்கின்றனர்; தெளிவாகச் சொல்ல வேண்டாவா?" என்று வினவலாம். தக்க வினாவே. தெளிவு வேண்டா என்று நாங்கள் வாதிடவில்லை. சொல்ல வேண்டியவற்றைச் சிறு தாளில் குறித்துக்கொள்ளுதல், வாக்கிய முடிவில் நின்று மூச்சு விடுதல், தம் பேச்சைப் பதிவு செய்து தாமே கேட்டுப் பழகுதல் ஆகியவை எங்கள் கடன். ஆனால் அது பாதிக் கடனே. மறுபாதி எவருடையது?

திருவள்ளுவர் இதற்கு வழிகாட்டுகிறார். கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதாரை மணமில்லாத மலர்க்கொத்துக்கு ஒப்பிட்டவர் அவர். அக்குறள் எங்கள் நெஞ்சைச் சுடுவதுண்டு. ஆனால் சொல்வன்மை என்னும் அவ்வதிகாரம் இடம்பெற்றிருப்பது அமைச்சியலில். நாடாளத் துணைநிற்கும் அமைச்சனிடம் அவர் எதிர்பார்த்த திறத்தை, எட்டு வயதுக் குழந்தையிடம் நாம் எதிர்பார்க்கிறோம். கேள்வியையும் அறிவுடைமையையும் அவர் அரசியலில், அரசனுக்குரிய பண்புகளாக வைத்தார். அறிவுடைமை அதிகாரத்தில் அறிவுக்கு இலக்கணம் கூறும்போது, தான் சொல்வதைப் பிறர்க்கு எளிதாகச் சொல்லுதலோடு அவர் நிற்கவில்லை; பிறர் வாய்ச் சொல்லில் உள்ள நுண்பொருளைத் தான் காணுதலையும் இணைத்தே அறிவென்றார். முற்பாதியை மேடைக்குப் பழக்கிய நாம் பிற்பாதியை மறந்தோம். பேச்சுப் போட்டிக்குப் பரிசு உண்டு. கேட்கும் திறத்துக்குப் பரிசு வழங்கிய விழா ஏது?

புலம்பெயர்ந்த இல்லங்களில் இதனோடு வேறோர் இடரும் சேர்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தை குழறினால், மூன்று மொழிகளே காரணம் என்று அயலார் அறிவுரை கூறுவர். பெற்றோரும் அஞ்சி, முதலில் கைவிடுவது தமிழையே. பல மொழி பயில்வதனால் குழறல் உண்டாவதில்லை. அது குழந்தை பேசும் மொழிகளிலெல்லாம் தலைகாட்டக் கூடியது. தமிழை நிறுத்தினால் குழறல் நிற்பதில்லை. ஊரிலிருக்கும் பாட்டியோடு பேசும் வாய்ப்பே நின்றுபோகிறது. குழறிய தமிழாயினும் தொலைபேசியில் அதனைக் கேட்கக் காத்திருக்கும் செவி ஒன்று உண்டு. அச்செவியைக் குழந்தையிடமிருந்து பறிக்க நமக்கு என்ன உரிமை?

கேட்போர் செய்யத்தக்கவை அரியன அல்ல. 'ஒன்றும் புரியவில்லை' என்பதற்கு மாற்றாக, 'யார் வந்தார் என்பது மட்டும் புரியவில்லை' என்று கேட்கலாம். எவ்விடத்தில் சொல் நசுங்கியது என்பது அப்போது பேசியவனுக்கு விளங்கும். அவன் வாக்கியத்தை நாம் முடித்து வைக்காமல், அவன் முடிக்கும்வரை பொறுக்கலாம். புரியாமலே தலையசைப்பது இரக்கமன்று. அது அவனை உரையாடலினின்றும் மெல்ல வெளியேற்றுவதாகும். தேர்ந்த துணை வேண்டுவோர்க்கு மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், மும்பையில் 1983இல் தொடங்கப்பெற்ற அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் உள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, பேச்சு, மொழிக் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. எனினும் அது எடுத்துக்காட்டுவன குரல்வளை நீக்கமும் மூளைப் பாதிப்பால் மொழி இழத்தலும் போன்றவையே. குழறலின் பெயர் அதில் இல்லை. சட்டம் பெயர் சொல்லாத இடத்தில், குடும்பமும் சங்கமும் செய்யவேண்டிய பணி மிகுகிறது.

மூளையின் இயக்கம் எல்லார்க்கும் ஒரே வார்ப்பில் அமைவதில்லை என்னும் உண்மையைக் கடந்த சில பத்தாண்டுகளாக உலகம் உணர்ந்து வருகிறது. அதனை உணர்வதற்குரிய கருவி ஒன்று நம் மொழியிலேயே உண்டு. இந்தியின் 'ஹம்', ஆங்கிலத்தின் 'வீ' ஆகிய ஒற்றைச் சொற்கள் நிற்கும் இடத்தில், தமிழில் 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் இரு சொற்கள் உள. முன்னது கேட்பவரை விலக்கியது. பின்னது அவரையும் உளப்படுத்தியது. இக்கட்டுரையில் குழறுவோரைக் குறிக்கப் பலகாலும் 'நாங்கள்' என்றே எழுத நேர்ந்தது. வரும் ஆண்டு விழாவில் ஒரு குழந்தை மேடையேறிக் குறளின் ஈற்றடியை விழுங்கிவிட்டால், மணியடித்து இறக்கிவிடாமல் அவை சற்றே பொறுத்திருக்கட்டும். அன்று அக்குழந்தையையும் சேர்த்து 'நாம்' என்று எழுத இயலும்.